கூட்டு அறிவியல் (ஜி.சி.எஸ்.இ.)

கூட்டு அறிவியல் என்பது இங்கிலாந்தின் இடைநிலைப் பள்ளி மாணவர்கள் ஏறத்தாழ 16 வயதில் பெறும் ஜி.சி.எஸ்.இ. கல்வித்தகுதிகளுள் ஒன்றாகும். உயிரியல், வேதியியல், இயற்பியல் ஆகிய மூன்று துறைகளையும் உள்ளடக்கிய இத்தகுதி, இரண்டு ஜி.சி.எஸ்.இ. பாடங்களுக்கு ஈடாகக் கணக்கிடப்படுகிறது. இதன் தற்போதைய வடிவம் 2016 செப்டம்பரில் கற்பிக்கத் தொடங்கப்பட்டது. முதல் தேர்வுகள் 2018 கோடையில் நடைபெற்றன. மூன்று அறிவியல்களையும் தனித்தனிப் பாடங்களாகப் பயின்று மூன்று சான்றிதழ்கள் பெறும் வழியும் உண்டு. எனினும் பெரும்பாலான மாணவர்கள் கூட்டு அறிவியலையே எழுதுகின்றனர்.

எல்லா மாணவரும் மூன்று அறிவியல்களையும் 16 வயது வரை பயில வேண்டும், அதே வேளையில் பிற பாடங்களுக்குரிய நேரம் குறையக்கூடாது என்னும் இரு தேவைகளுக்கு இடையே இத்தகுதி வடிவமைக்கப்பட்டது. உள்ளடக்கம், வினாத்தாள்கள், செய்முறைப் பயிற்சி, தரப்படுத்தல் ஆகிய ஒவ்வொன்றிலும் இந்த இழுபறியின் தடத்தைக் காணலாம்.

பெயரும் வகைகளும்

பள்ளி அறிவியலை ஒன்றிணைக்கும் முறைகள் பல. அவற்றின் பெயர்கள் ஒன்றுடன் ஒன்று குழப்பிக் கொள்ளப்படுவதுண்டு.

கூட்டு அறிவியல்: மூன்று துறைகளும் தத்தம் அடையாளத்துடன் கற்பிக்கப்படும், இறுதியில் மதிப்பெண்கள் ஒன்றாகக் கூட்டப்படும்.

ஒத்திசைந்த அறிவியல்: துறைகள் தனியாகவே இருக்கும். ஆனால் ஒரு துறையில் தேவைப்படும் கருத்து மற்றொன்றில் முன்னதாகவே வரும்படி பாட வரிசை அமைக்கப்படும்.

ஒருங்கிணைந்த அறிவியல்: துறை எல்லைகள் நீக்கப்பட்டு, பொதுவான கருப்பொருள்களின் கீழ்ப் பாடம் அமைக்கப்படும்.

ஒரே பெயர் எல்லா இடங்களிலும் ஒரே பொருளைத் தருவதில்லை. கேம்பிரிட்ஜ் பன்னாட்டுத் தேர்வுகளின் ஐ.ஜி.சி.எஸ்.இ. திட்டத்தில் 'கூட்டு அறிவியல்' ஒற்றைச் சான்றிதழாகும். அங்கு இரட்டைச் சான்றிதழாக இருப்பது 'ஒத்திசைந்த அறிவியல்' ஆகும். இக்கட்டுரை இங்கிலாந்தின் இரட்டைச் சான்றிதழைப் பற்றியது.

வரலாறு

தொடக்க முயற்சிகள்

முதல் உலகப் போரின் இறுதியில், இயற்பியலாளர் ஜெ. ஜெ. தாம்சன் தலைமையிலான குழு 1918 இல் அளித்த அறிக்கை, அறிவியல் அனைத்து மாணவரின் பொதுக் கல்வியிலும் இடம்பெற வேண்டும் என வலியுறுத்தியது. இதனைத் தொடர்ந்து 1930களில் 'பொது அறிவியல்' என்னும் பாடத்திற்கு ஆசிரியர் அமைப்புகளிடையே ஆதரவு பெருகியது. ஆயினும் புகழ்பெற்ற பள்ளிகள் பல தனிப்பாடங்களையே விரும்பின. பொது அறிவியல் திறன் குறைந்தோருக்கானது என்னும் எண்ணம் அக்காலத்திலேயே தோன்றிவிட்டது.

நஃபீல்டு அறக்கட்டளையின் உதவியுடன் உருவான நஃபீல்டு கூட்டு அறிவியல் 1970 இல் வெளியானது. இது இடைநிலைப் பள்ளியின் தொடக்க வகுப்புகளுக்கானது. 1970களில் பள்ளிகள் மன்றத்தின் ஒருங்கிணைந்த அறிவியல் திட்டம், ஒரே பாடத்தின் வழியே இரண்டு ஓ-நிலைச் சான்றிதழ்கள் பெறும் முறையை நடைமுறைக்குக் கொண்டு வந்தது. பின்னாளைய இரட்டைச் சான்றிதழுக்கு இது முன்னோடியாகக் கருதத்தக்கது.

இரட்டைச் சான்றிதழ்

1980கள் வரை இங்கிலாந்து மாணவர்கள் 14 வயதில் தம் பாடங்களைத் தேர்ந்தெடுத்தபோது, அறிவியல் துறைகளில் சிலவற்றை விட்டுவிட இயன்றது. இதன் விளைவாகப் பெண் மாணவர்கள் பலர் உயிரியலை மட்டும் வைத்துக்கொண்டு இயற்பியலைக் கைவிட்டனர். ஆண் மாணவர்கள் பலர் உயிரியலை விட்டு இயற்பியலின் பக்கம் சென்றனர். 14 வயதில் எடுத்த ஒரு முடிவு, பொறியியல், மருத்துவம் போன்ற துறைகளுக்கான வழியைப் பின்னர் அடைத்துவிட்டது.

1985 இல் கல்வி, அறிவியல் துறை வெளியிட்ட கொள்கை அறிக்கை, 5 முதல் 16 வயது வரை அனைவருக்கும் பரந்த, சமநிலையான அறிவியல் கல்வி தேவை என்றது. மூன்று அறிவியல்களையும் தனிப்பாடங்களாக்கினால், ஒவ்வொன்றுக்கும் 10 விழுக்காடு வீதம் பாடவேளையில் 30 விழுக்காடு அறிவியலுக்கே சென்றுவிடும். மொழி, வரலாறு, கலை முதலியன இதனால் நெருக்குண்ணும். எனவே மூன்று துறைகளையும் 20 விழுக்காட்டு நேரத்தில் கற்பித்து, இரண்டு சான்றிதழ்கள் வழங்குவது என்னும் தீர்வு ஏற்கப்பட்டது. ஜி.சி.எஸ்.இ. தேர்வுகள் 1988 இல் முதன்முறையாக நடைபெற்றன. அதே ஆண்டின் கல்விச் சீர்திருத்தச் சட்டம் தேசியப் பாடத்திட்டத்திற்கு வழிவகுத்து, அறிவியலை ஆங்கிலம், கணிதம் ஆகியவற்றுடன் கருப்பாடமாக்கியது. இதன் பின்னர் இரட்டைச் சான்றிதழ் அறிவியல் பெரும்பாலான பள்ளிகளில் வழக்கமாயிற்று.

2006 முதல் 2016 வரை

1998 இல் ராபின் மில்லர், ஜோனதன் ஆஸ்போர்ன் ஆகியோர் தொகுத்த '2000க்கு அப்பால்' என்னும் அறிக்கை, பள்ளி அறிவியல் வருங்கால அறிவியலாளரை மட்டும் மனத்தில் கொண்டு அமைந்துள்ளது எனக் குறை கூறியது. பெரும்பாலான மாணவர்கள் அறிவியலாளர் ஆவதில்லை. தடுப்பூசி, காலநிலை, கதிர்வீச்சு போன்றவை பற்றிய செய்திகளை எடைபோட அவர்களுக்கு இயல வேண்டும் என்பது அவ்வறிக்கையின் மையக் கருத்து. இதன் தாக்கத்தில் 'இருபத்தோராம் நூற்றாண்டு அறிவியல்' என்னும் பாடத்திட்டம் 2003 இல் சோதனை முறையில் தொடங்கியது.

2006 இல் இரட்டைச் சான்றிதழ் இரு கூறாகப் பிரிக்கப்பட்டது. 'கரு அறிவியல்' அனைவருக்கும் உரியதாகவும், 'கூடுதல் அறிவியல்' மேற்கொண்டு பயில விரும்புவோருக்கு உரியதாகவும் அமைந்தன. 2016 இல் இப்பிரிவு கைவிடப்பட்டு, ஈராண்டுப் படிப்பின் முடிவில் மொத்தமாகத் தேர்வெழுதும் இன்றைய கூட்டு அறிவியல் வந்தது.

வடிவமைப்பு

கல்வித் துறை பாட உள்ளடக்கத்தை வரையறுக்கிறது. தேர்வு ஒழுங்காணையமான ஆஃப்குவால் மதிப்பீட்டு விதிகளை வகுக்கிறது. ஏ.கியூ.ஏ., பியர்சன் எடெக்செல், ஓ.சி.ஆர். முதலிய தேர்வு வாரியங்கள் இவ்விரண்டுக்கும் உட்பட்டுத் தத்தம் பாடத்திட்டங்களை உருவாக்குகின்றன.

உள்ளடக்கத் தெரிவு

கூட்டு அறிவியலின் உள்ளடக்கம் தனிப்பாடங்களின் உள்ளடக்கத்தில் ஒரு பகுதியாகும். இரண்டிலும் உள்ள பகுதிகள் ஆழத்தில் பெரிதும் ஒத்தவை. வேறுபாடு பரப்பிலேயே உள்ளது. எடுத்துக்காட்டாக, ஏ.கியூ.ஏ. பாடத்திட்டத்தில் பின்வருவன தனிப்பாடங்களில் மட்டும் இடம்பெறுகின்றன:

உயிரியல்: மூளை, கண், சிறுநீரகத்தின் செயற்பாடு
வேதியியல்: நானோ துகள்கள், எரிபொருள் மின்கலங்கள்
இயற்பியல்: நிலைமின்னியல், விண்வெளி இயற்பியல்

எதை விடுவது என்பது எளிய முடிவன்று. அணு, செல், விசை போன்றவற்றை நீக்கினால் மேற்படிப்புக்கான அடித்தளம் சிதையும். அதனால் மற்றப் பகுதிகள் சாராமல் தனித்து நிற்கும் பகுதிகளையே நீக்குவது எளிதாகிறது. ஆனால் அவ்வாறு தனித்து நிற்பவற்றுள் விண்மீன்களின் பிறப்பும் இறப்பும் போன்ற, மாணவரின் ஆர்வத்தைத் தூண்டும் பகுதிகளும் அடங்கும். கூட்டு அறிவியல் பயிலும் மாணவருக்கே அத்தகைய தூண்டுதல் மிகுதியாகத் தேவைப்படலாம்.

பகுத்தலும் பின்னுதலும்

2016 இல் ஏ.கியூ.ஏ. வாரியம் ஒரே உள்ளடக்கத்தை இரு வடிவங்களில் அறிமுகப்படுத்தியது. இவ்விரண்டும் வடிவமைப்பின் இரு எதிர்த் திசைகளைக் காட்டுகின்றன.

'டிரைலாஜி' என்னும் வடிவத்தில் உயிரியல், வேதியியல், இயற்பியல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் இரண்டு வீதம் 6 வினாத்தாள்கள் உள்ளன. ஒவ்வொன்றும் 1 மணி 15 நிமிடம், 70 மதிப்பெண். மொத்தம் 420 மதிப்பெண், 7 மணி 30 நிமிடம்.

'சினர்ஜி' என்னும் வடிவம் உயிர், சுற்றுச்சூழல் அறிவியல் என்றும், பருப்பொருள் அறிவியல் என்றும் இரு பெரும் பிரிவுகளைக் கொண்டது. இதில் 4 வினாத்தாள்கள். ஒவ்வொன்றும் 1 மணி 45 நிமிடம், 100 மதிப்பெண். இயக்கமும் விசையும், மின்னோட்டம், அமிலங்கள், வேதிவினை வேகம் ஆகியன இதில் ஒரே கருப்பொருளின் கீழ் வருகின்றன.

இரண்டாவது வடிவம் அறிவியலின் ஒருமைப்பாட்டைச் சிறப்பாகக் காட்டுகிறது. எனினும் பள்ளிகளிடையே முதல் வடிவமே பெரிதும் பரவியது. ஒரு துறையில் பட்டம் பெற்ற ஆசிரியர் தம் துறையைக் கற்பிப்பதற்கு அது ஏற்றது. மேலும், தனிப்பாட மாணவரும் கூட்டு அறிவியல் மாணவரும் முதலாண்டில் ஒரே வகுப்பில் அமரவும், பின்னர் ஒரு வழியிலிருந்து மற்றொன்றுக்கு மாறவும் அது இடம் தருகிறது.

பொதுவான மொழி

மூன்று துறைகளும் ஒரே சான்றிதழில் சேரும்போது, ஒரே சொல் மூன்று வகுப்புகளில் மூன்று பொருள் தருவது சிக்கலாகிறது. உயிரியல் வகுப்பில் 'சுவாசத்தில் ஆற்றல் உருவாகிறது' எனக் கேட்ட மாணவர், இயற்பியல் வகுப்பில் 'ஆற்றலை ஆக்கவோ அழிக்கவோ இயலாது' எனக் கற்கிறார். சுவாசம் ஆற்றலை உருவாக்குவதில்லை, மாற்றித் தருகிறது எனத் திருத்தி எழுதினால் முரண்பாடு மறைகிறது.

கணிதத்துடனும் இவ்வாறான உரசல் உண்டு. பள்ளிக் கணிதத்தில் 'சிறந்த பொருத்தக் கோடு' நேர்கோடாகவே வரையப்படுவது வழக்கம். அறிவியலில் அது வளைகோடாகவும் இருக்கலாம். இங்கிலாந்தின் அறிவியல் கல்விச் சங்கம் 2016 இல் அறிவியலில் பயன்படும் கணித மொழி பற்றி ஆசிரியர்களுக்கான கையேடு ஒன்றை வெளியிட்டது.

மதிப்பீட்டு நோக்கங்கள்

மதிப்பெண்கள் மூன்று நோக்கங்களுக்குப் பகிரப்படுகின்றன:

அறிவியல் கருத்துகள், முறைகள் பற்றிய அறிவும் புரிதலும்: 40 விழுக்காடு
அவற்றைப் பயன்படுத்துதல்: 40 விழுக்காடு
தகவல்களைப் பகுத்தாய்ந்து முடிவு காணுதல், ஆய்வு முறைகளை மேம்படுத்துதல்: 20 விழுக்காடு

மொத்த மதிப்பெண்ணில் குறைந்தது 20 விழுக்காடு கணிதத் திறன்களுக்கு உரியது. அது உயிரியல், வேதியியல், இயற்பியல் ஆகியவற்றிடையே 1:2:3 என்னும் விகிதத்தில் பகிரப்பட வேண்டும். டிரைலாஜியின் 420 மதிப்பெண்ணில் இது குறைந்தது 84 ஆகும். அதாவது 14, 28, 42 என அமையும். கணிதத்தில் பின்தங்கிய மாணவர் இயற்பியலில் இடர்ப்படுவதற்கு இது ஒரு காரணமாகும்.

செய்முறைப் பயிற்சி

முன்னர் மாணவர் செய்த ஆய்வுப் பணிக்கு ஆசிரியரே மதிப்பெண் வழங்கினார். அம்மதிப்பெண் இறுதித் தரத்தில் சேர்க்கப்பட்டதால், எளிதில் முழு மதிப்பெண் தரும் சில சோதனைகளையே பள்ளிகள் திரும்பத் திரும்பச் செய்வித்தன. 2016 இன் வடிவமைப்பில் இம்முறை நீக்கப்பட்டது. கூட்டு அறிவியல் மாணவர் குறைந்தது 16 செய்முறைகளைச் செய்ய வேண்டும். டிரைலாஜியில் உயிரியலில் 7, வேதியியலில் 6, இயற்பியலில் 8 என மொத்தம் 21 செய்முறைகள் உள்ளன. செய்முறைகள் நடைபெற்றதைப் பள்ளி எழுத்து மூலம் உறுதி செய்கிறது. அவற்றுக்கு நேரடி மதிப்பெண் இல்லை. எழுத்துத் தேர்வில் குறைந்தது 15 விழுக்காடு வினாக்கள் அவற்றைச் சார்ந்து அமைகின்றன.

எடுத்துக்காட்டாக, உருளைக்கிழங்குத் துண்டுகளைச் சர்க்கரைக் கரைசலில் இட்டுச் சவ்வூடு பரவலை ஆராயும் செய்முறையில், துண்டுகளை எடை பார்க்கும் முன் அவற்றின் ஈரத்தை ஒற்றி எடுப்பது ஏன் என வினவலாம். தாமே செய்து பார்த்த மாணவருக்கு விடை எளிதில் தோன்றும். ஆயினும் செய்து பார்க்காமல் விடையை மட்டும் மனனம் செய்தவரும் அதே மதிப்பெண்ணைப் பெற இயலும் என்பது இம்முறையின் குறைபாடாகச் சுட்டப்படுகிறது.

படிநிலைகள்

தேர்வு 'அடிப்படை', 'உயர்' என்னும் இரு படிநிலைகளில் நடைபெறுகிறது. சில வினாக்கள் இரண்டிலும் பொதுவாக வருகின்றன. இவை இரு படிநிலைகளின் தரங்களையும் ஒப்பிட உதவுகின்றன. கூட்டு அறிவியல் மாணவர் எல்லா வினாத்தாள்களையும் ஒரே படிநிலையில் எழுத வேண்டும். உயிரியலை உயர் படிநிலையிலும் இயற்பியலை அடிப்படைப் படிநிலையிலும் எழுத இயலாது. தனிப்பாட மாணவருக்கு இக்கட்டுப்பாடு இல்லை.

தரப்படுத்தல்

ஜி.சி.எஸ்.இ. பாடங்களில் 9 உயர்ந்த தரம், 1 தாழ்ந்த தரம். கூட்டு அறிவியல் இரண்டு பாடங்களுக்கு ஈடாதலால் இரண்டு எண்கள் வழங்கப்படுகின்றன. தொடக்க கால இரட்டைச் சான்றிதழில் இரு தரங்களும் ஒன்றாகவே இருந்தன. தற்போதைய முறையில் அவை ஒன்றாகவோ அடுத்தடுத்தோ இருக்கலாம். பெரிய எண் முதலில் எழுதப்படும். 9-9, 9-8, 8-8, 8-7 என்று தொடங்கி 1-1 வரை மொத்தம் 17 தரங்கள் உள்ளன.

உயர் படிநிலை: 9-9 முதல் 4-4 வரை, சற்றே தவறியோருக்கு 4-3
அடிப்படைப் படிநிலை: 5-5 முதல் 1-1 வரை

இவ்விரண்டு எண்கள் இரு வேறு துறைகளைக் குறிப்பதாகப் பெற்றோர் சிலர் கருதுவதுண்டு. இது தவறு. எல்லா வினாத்தாள்களின் மதிப்பெண்களையும் கூட்டி வரும் ஒரே தொகையிலிருந்தே இரண்டு எண்களும் பெறப்படுகின்றன. ஒரு மாணவி உயிரியலில் 100, வேதியியலில் 90, இயற்பியலில் 60 பெறுகிறார் எனவும், மற்றொருவர் முறையே 60, 90, 100 பெறுகிறார் எனவும் கொள்வோம். இருவரின் தொகையும் 250 ஆதலால் சான்றிதழில் ஒரே தரமே இருக்கும். முதலாமவர் உயிரியலுக்கும் இரண்டாமவர் இயற்பியலுக்கும் ஏற்றவர் என்பது சான்றிதழில் தெரியாது. ஒரு துறையின் வலிமை மற்றொன்றின் குறையை ஈடுசெய்வது இம்முறையின் நன்மை. துறை வாரியான திறன் மறைந்துபோவது அதன் விலை.

2018 தேர்வும் பின்னரும்

2018 இல் நடந்த முதல் தேர்வில் படிநிலைத் தேர்வு பெரும் சிக்கலாயிற்று. அடிப்படைப் படிநிலைக்கு ஏற்ற மாணவர் பலர் உயர் படிநிலையில் எழுத வைக்கப்பட்டிருந்தனர். விதிப்படி 4-3 தரத்தையும் எட்டாதவர்களுக்குத் தரம் எதுவும் கிடைக்காது. ஈராண்டுப் படிப்பின் பயனாக இரண்டு சான்றிதழ்களையும் ஒருசேர இழக்க நேரிடும். இதைத் தவிர்க்க, அவ்வாண்டுக்கு மட்டும் உயர் படிநிலையில் 3-3 தரம் வழங்க ஆஃப்குவால் அனுமதித்தது. மூன்று துறைகளுக்கும் ஒரே படிநிலை என்னும் விதியால், ஆசிரியரின் ஒரு தவறான கணிப்பு மாணவரை எவ்வளவு பாதிக்கும் என்பதை இந்நிகழ்வு காட்டியது.

கொரோனாப் பெருந்தொற்றினால் 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் தேர்வுகள் நடைபெறவில்லை. 2022 தேர்விலிருந்து இயற்பியல் சமன்பாடுகள் அடங்கிய தாள் மாணவருக்கு வழங்கப்பட்டது. அதற்கு முன்னர் பல சமன்பாடுகளை மனனம் செய்ய வேண்டியிருந்தது.

விமர்சனங்கள்

கூட்டு அறிவியல் ஏ-நிலை மேற்படிப்புக்குப் போதுமான தகுதி என்பது அலுவல்முறை நிலைப்பாடு. எனினும் தனிப்பாட மாணவருடன் ஒரே ஏ-நிலை வகுப்பில் சேரும்போது, அவர்கள் முன்பே கற்ற சில பகுதிகளைக் கூட்டு அறிவியல் மாணவர் புதிதாகக் கற்க வேண்டியுள்ளது.

சமூகப் பிளவு மற்றொரு விமர்சனமாகும். தனிப்பாட வழி எல்லாப் பள்ளிகளிலும் கிடைப்பதில்லை. கிடைக்கும் பள்ளிகளிலும் யார் அதைப் பயிலலாம் என்பதைப் பெரும்பாலும் பள்ளியே முடிவு செய்கிறது. வசதி குறைந்த குடும்பங்களின் பிள்ளைகள் அதில் குறைவாகவே இடம்பெறுகின்றனர். லூயிஸ் ஆர்ச்சர் தலைமையிலான ஆஸ்பயர்ஸ் ஆய்வுத் திட்டம், தனிப்பாட வழி 'அறிவாளிகளுக்கானது' என மாணவர் கருதுவதையும், கூட்டு அறிவியல் பயில்வோர் தம்மை அறிவியலுக்கு ஏற்றவரல்லர் என எண்ணத் தலைப்படுவதையும் பதிவு செய்தது. ஒரே ஆண்டில் இரு வழிகள் இருப்பதே இதற்குக் காரணம் எனக் கருதுவோர், 16 வயது வரை அனைவருக்கும் ஒரே அறிவியல் வழி வேண்டும் என்கின்றனர். இதற்கு மாறாக, 2025 நவம்பரில் வெளியான இங்கிலாந்துப் பாடத்திட்ட, மதிப்பீட்டு மீளாய்வின் இறுதி அறிக்கை, விரும்பும் மாணவர் அனைவருக்கும் தனிப்பாட வழியைப் பயிலும் உரிமை வேண்டும் எனப் பரிந்துரைத்தது.

1980களின் முதன்மை நோக்கம் ஓரளவே நிறைவேறியது. பெண் மாணவர்கள் 16 வயது வரை இயற்பியல் பயில்வது இயல்பாகிவிட்டது. ஆனால் ஏ-நிலை இயற்பியல் மாணவரில் பெண்களின் பங்கு பல பத்தாண்டுகளாக ஏறத்தாழ ஐந்தில் ஒன்றாகவே இருந்து வந்துள்ளது. ஒரு துறையைக் கட்டாயமாக்குவது அதற்கான வாயிலைத் திறந்து வைக்கிறது. அதனுள் செல்லும் விருப்பத்தை அதனால் மட்டும் உண்டாக்க இயலவில்லை.

பிற நாடுகளில்

வட அயர்லாந்தில் சி.சி.இ.ஏ. வாரியம் ஒற்றை, இரட்டைச் சான்றிதழ் அறிவியல் பாடங்களை நடத்துகிறது.

சிங்கப்பூரில் சாதாரண நிலைக் கூட்டு அறிவியலில் மாணவர் மூன்று துறைகளில் இரண்டை மட்டும் பயில்கின்றனர். அது ஒரு பாடமாகவே கணக்கிடப்படுகிறது.

இலங்கையில் 1972 கல்விச் சீர்திருத்தம் ஒருங்கிணைந்த அறிவியலை இடைநிலை வகுப்புகளின் பொதுப்பாடமாக்கியது. க.பொ.த. சாதாரண தரத்தில் விஞ்ஞானம் இன்றும் ஒரே பாடமாக உள்ளது.

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு வரை அறிவியல் ஒரே பாடமாகும். பொதுத்தேர்வில் எழுத்துத் தேர்வுக்கு 75, செய்முறைத் தேர்வுக்கு 25 என மதிப்பெண்கள் பகிரப்படுகின்றன. இங்கிலாந்தைப் போலன்றி இங்குப் படிநிலைகள் இல்லை. செய்முறைக்கு நேரடி மதிப்பெண் உண்டு. மூன்று துறைகளின் மதிப்பெண்களும் ஒன்றாகக் கூட்டப்படுவதால், எந்தத் துறையில் மாணவர் வலியவர் என்பது சான்றிதழில் தெரியாமற்போவது இங்கும் உள்ளது. பதினொன்றாம் வகுப்பில் பாடப்பிரிவைத் தேர்வு செய்யும் மாணவர், பள்ளியின் உள்தேர்வுகளையும் தம் ஆசிரியரின் அறிவுரையையும் கொண்டே அதை அறிய வேண்டியுள்ளது.

இவற்றையும் பார்க்கவும்

அறிவியல் கல்வி
அறிவியல் எழுத்தறிவு
இங்கிலாந்தில் கல்வி
க.பொ.த. சாதாரண தரம்